சவுரியம்மாளின் பங்குத் தண்ணீர்

என் அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

அம்மா பெயர் சவுரியம்மாள். திண்டிவனம் விழுப்புரம் ரோட்டில் கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. அங்கே நாற்று நட, களை எடுக்க, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் வேண்டுமென்றால் அவளிடம்தான் வந்து சொல்வார்கள். அவளையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள் வேலைக்குப் போவார்கள். 'சவுரி செட்டு' என்றால் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பா பிரான்சிஸ் சென்னையில் கொத்தனார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டுப் போவார். ஆக வீட்டுக்கும் அம்மாதான் மேஸ்திரி, செட்டுக்கும் அம்மாதான் மேஸ்திரி. அவள் வாய் கொஞ்சம் நீளம். அது எனக்கும் வந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எனக்கு வாயோடு கோபமும் சேர்ந்து வந்திருக்கிறது.

நான் ரோஜா. விழுப்புரத்தில் பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு அது 'ரத்தம் டெஸ்ட் பண்ற படிப்பு'. அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் நான்தான் பொறுப்பு என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. போன பொங்கல் கழிந்த வாரம் கால் வீங்குகிறது என்றாள். திண்டிவனத்துக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைக்கிற டாக்டரைக் கண்டால் எனக்கு எப்போதும் பயம்.

"கிரியாட்டினின் கூடியிருக்கும்மா. கிட்னி கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு. சர்க்கரை ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். வெயில்ல நின்னு வேலை செய்யறவங்க தண்ணி குடிக்கலைன்னா கிட்னிதான் அடி வாங்கும். முன்ன மாதிரி வெயிலா இப்ப அடிக்குது? தண்ணி குடிங்க. மணிக்கொரு தடவை குடிங்க."

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காக நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அஞ்சம்மாக்கா மாதிரி ஆயிடுவேனாடி?"

அஞ்சம்மாள் பெரியம்மா அப்பாவின் அண்ணி. அவரும் முப்பது வருஷம் வயலில் குனிந்தவர்தான். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் விழுப்புரத்துக்கு வந்து மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். பல நாள் நான்தான் காலேஜுக்குப் போகிற வழியில் அவரை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போவேன். ஊரையே சிரிக்க வைத்த மனுஷி, மெஷினிலிருந்து எழுந்து வரும்போது என் பெயரைக்கூடச் சொல்லத் தெம்பில்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொள்வார்.

"தண்ணி குடிச்சா ஆவ மாட்ட. குடிக்காம இருந்தா ஆயிடுவ" என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அம்மாவுக்கு அது தெரியும். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இங்கே எங்கள் காலேஜ் சுற்றுச்சூழல் மன்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் அதில் செயலாளர். எங்கள் ஊர் தென்னரசு தலைவர். அவன் வேங்கடேசன் ஐயா வீட்டுப் பிள்ளை. அவர்கள் நிலத்தில்தான் வருஷத்தில் பாதி நாள் என் அம்மா வேலை செய்கிறாள். பஸ்ஸில் நாங்கள் அடுத்தடுத்த சீட்டில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து உலக வெப்பத்தைப் பற்றி விழுப்புரம் வரைக்கும் பேசிக்கொண்டு போவோம். திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் இறங்கியதும் அவன் பைக்கில் ஒரு வழி, நான் நடந்து ஒரு வழி. எங்கள் தெருவுக்குள் அவன் வந்ததில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசியதும் இல்லை.

மன்றம் மூன்று பெரிய காரியங்கள் செய்தது. முதலாவது, மார்ச் மாதம் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு விழுப்புரம் வீதியில் 'வெயிலை வெல்வோம்' என்று பேரணி. அதில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். வெயில்தான் வென்றது. இரண்டாவது, அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் எங்கள் ஊர் வண்டிப்பாதை ஓரம் ஐம்பது மரக்கன்றுகள் நட்டது. தை முடிவதற்குள் நாற்பத்தொன்பது காய்ந்துவிட்டன. வேங்கடேசன் ஐயா நிலத்துக்குத் திரும்புகிற முனையில் நான் என் கையால் நட்ட புங்கங்கன்று ஒன்று மட்டும் நின்றது. நின்றதென்ன, பங்குனி வெயிலில் சுற்றிலும் புல் எல்லாம் சருகாய்க் கிடக்க, அது மட்டும் பளபளவென்று துளிர் விட்டது. தென்னரசு அதைப் போட்டோ எடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'மன உறுதிக்கு ஒரு மரம்' என்று எழுதினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கை ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது காரியம் பாட்டில். திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாளே அதை நான் மன்றத்தில் பேசினேன். விழுப்புரம் பாத்திரக் கடைக்காரர் ஒருவரை நான்கு நாள் கெஞ்சி, சவுரி செட்டு முழுவதுக்கும் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் வாங்கினோம். எங்கள் தெருவில் வைத்து ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்து, தண்ணீர் ஏன் குடிக்க வேண்டும் என்று படம் வரைந்து பாடம் நடத்தினேன். கிட்னி படத்தைப் பார்த்து, "முந்திரிக்கொட்டை மாதிரி இருக்குது, இதுக்கா இவ்ளோ பேஜாரு" என்றாள் பொன்னி அக்கா. செட்டில் சின்னவள் அவள், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று பாட்டிலைத் திறந்து என் முன்னால் தலைகீழாகக் கவிழ்ப்பாள். ஒரு சொட்டு விழாது.

"பாத்துக்க. ஒரு லிட்டரும் காலி."

"சபாஷ்" என்பேன். ஸ்கூலில் டீச்சர் சொல்வதுபோல. அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

சித்திரை பிறந்து பத்து நாளில் மறுபடி திண்டிவனம் போனோம். டாக்டரம்மா மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். கிரியாட்டினின் குறையவில்லை. முன்னைவிடக் கூடியிருந்தது.

"தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?"

"குடிக்கிறாங்க டாக்டர். தினமும் ஒரு லிட்டர். நானே பாக்கறேன்" என்று நான் முந்திக்கொண்டேன். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இப்படியே போனா ஒரு வருஷத்துல..." என்று டாக்டரம்மா ஆரம்பித்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முடிக்காமலேயே எனக்குப் புரிந்தது. அஞ்சம்மாள் பெரியம்மா படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் படிப்பு ஓடவில்லை. லேப் தப்பு செய்திருக்குமா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா, உப்பு அதிகமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். கருவாட்டை நிறுத்தினேன். அம்மா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சண்டை போடாத அம்மாவைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலேஜ் லீவு. வேங்கடேசன் ஐயா நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிற வேலை. அம்மா மத்தியான மாத்திரையை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நானும் துணி துவைத்து முடித்து, நாலு மணிக்குத்தான் அதைக் கவனித்தேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். வெயில் அப்போதும் குறைந்தபாடில்லை. வண்டிப்பாதையில் செருப்பு வழியாகச் சூடு ஏறியது.

நிலத்து முனைக்கு வந்தபோது வேலை முடிந்து செட்டு கிளம்பிக்கொண்டிருந்தது. எல்லாரும் எனக்கு முதுகு காட்டி அந்தப் புங்கங்கன்றின் முன்னால் நின்றார்கள். ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் இருந்தவள் பாட்டிலைத் திறந்து கன்றின் பாத்தியில் கவிழ்த்தாள். தண்ணீர் கொடகொடவென்று விழுந்தது. அவள் நகர, அடுத்தவள். அவள் பாட்டிலும் கிட்டத்தட்ட நிறைய இருந்தது. பிறகு பொன்னி அக்கா. கடைசியில் அம்மா.

அம்மா பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்தாள். முழுதும் இறங்கிய பிறகு நன்றாக உதறினாள். குனிந்து ஒரு துளிரில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "குடி, குடி. நல்லா குடி" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததென்று தெரியவில்லை.

"அம்மா!"

பதினான்கு பேரும் திரும்பினார்கள். அம்மா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், திருடிய பிள்ளை மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"இவ்ளோ நாளும் இதைத்தான் பண்ணிக்கினு இருந்தியா? சாவப் போறியா நீ? நான் அங்க ஊறுகாய் ஜாடியத் தூக்கிப் பரண்ல போட்டுக்கினு, லேப் தப்பா, மாத்திரை தப்பான்னு பைத்தியம் மாதிரி... நீ இங்க மரத்துக்கு ஊத்திக்கினு இருக்கிற! எல்லாரும் இதானா? அறிவு இருக்குதா உங்களுக்கு?"

அம்மாவின் நீள வாய்கூடத் திறக்கவில்லை. பொன்னி அக்காதான் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"கத்தாத ரோஜா. குடிக்கிறோம். குடிச்சிட்டு எங்க போறதுன்னு நீயே காட்டு."

"எங்க போறதுன்னா?"

"ஒண்ணுக்கு. எங்க போறது? காட்டு, போறோம்."

நான் கையைத் தூக்கினேன். கிழக்கே, சவுக்குத் தோப்பைக் காட்டலாம் என்று. தோப்பு இல்லை. போன வருஷமே வெட்டி, வரிசையாக மஞ்சள் கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள். மேற்கே ஹைவே மேம்பாலம். அதன் மேல் நின்று டீ குடிக்கிறவனுக்கு இந்த நிலத்தில் கிடக்கிற மல்லாட்டைக் கொடிகூடத் தெரியும். தெற்கே வற்றிப்போன ஏரி. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வடக்கே வேங்கடேசன் ஐயாவின் மோட்டார் கொட்டாய், பூட்டுப் போட்டு. தூக்கிய கையை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் கீழே இறக்கினேன்.

"தோப்பு இருந்தப்ப பிரச்சினை இல்ல" என்றாள் பொன்னி அக்கா. "இப்ப வெடியறதுக்கு முன்ன வீட்டுல ஒரு தடவை போறதுதான். அப்புறம் வேலை முடிஞ்சி வூட்டுக்குப் போனாத்தான். நடுவுல தொண்டையை நனைச்சிக்கினா சரி. முழு பாட்டில் குடிச்சா வயிறு தாங்காதும்மா. வூட்டுக்குப் போய்ட்டு வர அரை மணி நேரம் ஆவும். யாரு வுடுவாங்க?"

கிட்னி படம் வரைந்து பாடம் நடத்தினேனே, அந்தப் படத்தில் தண்ணீர் உள்ளே போகிற வழியை நீலப் பேனாவால் போட்டேன். வெளியே போகிற வழியை மஞ்சளில் போட்டேன். போட்டது நான்தான். போகிற இடத்தைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தேனா? காலேஜில் எனக்கு மாடிக்கு மாடி பாத்ரூம் இருக்கிறது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா இரண்டடி பின்னால் வந்தாள். மாத்திரையை அப்போதுதான் நினைவு வந்து கொடுத்தேன். தண்ணீர் இல்லாமலே வாயில் போட்டு விழுங்கினாள்.

"கொட்டறதுதான் கொட்டற, வரப்புல கொட்ட வேண்டியதுதானே. அதென்ன தேடிப் போய் அந்தக் கன்னுக்கே ஊத்தறது?" என்று கேட்டேன். இன்னும் கோபமாகத்தான் கேட்டேன்.

"நீ நட்டதாச்சே" என்றாள் அம்மா. "மத்ததெல்லாம் காஞ்சிப்போச்சின்னு அன்னிக்கி சோறு துன்னாம படுத்துக்கினியே. இதுவும் போச்சின்னா மொகம் வாடிப் போவ. எனக்குத்தான் குடிக்க முடியல. அதாவது குடிக்கட்டும்னு..."

நான் பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வெயில் என் மேல் விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்தாள். தன் தலைக்கு ஒன்றும் இல்லை. இந்த மனுஷியை என்ன செய்வது?

திங்கட்கிழமை பஸ்ஸில் தென்னரசு திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தான். "நம்ம மரத்த ஜூன்ல நடக்கற விழாவுல ஸ்லைடுல போடலாம் ரோஜா. இந்த வறட்சியிலயும் எப்படிப் பொழைச்சதுன்னு..."

"எப்படிப் பொழைச்சதுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

சொன்னேன். ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் அந்த வீட்டுப் பிள்ளையிடம், பஸ்ஸில் நாலு பேர் காதில் விழ, 'ஒண்ணுக்குப் போக இடமில்லை' என்று சொல்வதற்கு எனக்கு நாக்குக் கூசியது. அஞ்சம்மாள் பெரியம்மாவின் கையை நினைத்துக்கொண்டு சொல்லிமுடித்தேன். தென்னரசின் காது சிவந்தது. குனிந்து தன் ஷூவையே பார்த்தான். விழுப்புரத்தில் இறங்கும்போது, "எங்க நெலத்துலதான் இல்ல?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். போய்விட்டான்.

அடுத்த நான்கு நாள் அவன் அந்த பஸ்ஸில் வரவில்லை. மன்றத்துக் குரூப்பில் அவன் குரலே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம், தன் வீட்டுக்கென்றால் ஓட்டம் என்று நான் முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வுடுடி, அது பாவம் இன்னா பண்ணும்" என்றாள் அம்மா. அவளுக்கு எல்லாரும் பாவம்.

சனிக்கிழமை மல்லாட்டை வேலையில் கடைசி நாள். நானும் செட்டோடு பிடுங்கப் போனேன். அம்மாவைக் கண்காணிக்கத்தான் போனேன். ஆனால் பத்து மணிக்குள் என் தொண்டையே வறண்டது. பாட்டிலை எடுத்தேன், நாலு பக்கமும் பார்த்தேன், இரண்டு மடக்கோடு மூடி வைத்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரப்பில் வழக்கம்போலக் குடை பிடித்துக்கொண்டு கிருஷ்ணவேணியம்மா நின்றிருந்தார். தென்னரசின் அம்மா. வேலை நடக்கிற நாளெல்லாம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவர்தான் கண்காணிப்பு.

அப்போது தென்னரசின் பைக் சத்தம் கேட்டது. பின்னால் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஒரு குட்டி லாரியில். அதில் சவுக்குக் கம்புகள், கடப்பாரை, மண்வெட்டி, ஒரு சிமெண்ட் உறை, ஒரு வெள்ளைப் பேசின். யாரிடமும் எதுவும் கேட்காமல் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், போய்க் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். நான்கு நாளாகக் காணாமல் போனவன் இதற்காகத்தான் கடை கடையாக அலைந்திருக்கிறான். சொல்லிவிட்டு அலைந்தால் என்ன? சில பேருக்குப் பேரணியில்தான் வாய் திறக்கும்.

குழி இடுப்பளவு வந்தபோது வேங்கடேசன் ஐயா வந்து இறங்கினார்.

"இன்னாடா இது?"

"கக்கூஸ்ப்பா" என்றான் தென்னரசு, குழிக்குள்ளிருந்து.

"நெலத்துலயா? பயிர் வெக்கிற எடத்துல? ஊர்ல கேட்டா சிரிப்பாங்கடா. கெணத்துத் தண்ணி கெட்டுப் போவும். இத்தினி வருஷமா இல்லாத கதை இப்ப இன்னா புதுசா?"

"கெணறு தூரமாத்தான்பா இருக்குது. அளந்து பாத்துட்டுத்தான் தோண்டறேன். இத்தினி வருஷமா தோப்பு இருந்தது. இப்ப எங்க போவாங்க?"

"யாரு?"

தென்னரசு எங்கள் பக்கம் பார்த்தான். எனக்கு வாய் துடித்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயா கோவத்துல கீறாரு. பேசாம இரு" என்றாள் மெல்ல. செட்டு மொத்தமும் மல்லாட்டைச் செடியைப் பிடித்தபடி குனிந்தே இருந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

வரப்பிலிருந்து கிருஷ்ணவேணியம்மா குடையை மடக்கினார்.

"நான் எங்க போவேன்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

வேங்கடேசன் ஐயா திரும்பினார்.

"இருபத்தி ரெண்டு வருஷமா இந்த வரப்புல நிக்கிறேன். தோப்பு இருந்தப்பவும் ஆளுங்களோட அங்க போவ எனக்குக் கூச்சம். வேலை நாள்ல நான் ஏன் காலைல காப்பி குடிக்கிறதில்லன்னு என்னைக்காவது கேட்டீங்களா? காப்பி புடிக்காதுன்னே நெனச்சிக்கினு இருக்கீங்க. எனக்குக் காப்பின்னா உசுரு."

அவர் பேசின சத்தம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் செட்டில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. வேங்கடேசன் ஐயா மனைவியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், வண்டிச் சாவியைக் கையில் உருட்டினார். "காப்பி புடிக்காதுன்னுதான் நெனச்சேன்" என்றார். அப்புறம் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "உறையை நேரா எறக்குங்கடா, சாயுது பாரு" என்று கத்தினார்.

மத்தியானத்துக்குள் கம்பு நட்டாகிவிட்டது. மறைப்புக்குத் தென்னரசு பைக்கிலிருந்து ஒரு பெரிய சுருளை எடுத்து விரித்தான். பேரணிக்கு அடித்த பேனர். 'வெயிலை வெல்வோம்' என்று பெரிய எழுத்து, கீழே வரிசையாக எங்கள் எல்லாருடைய போட்டோ. நான் போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு உலகத்தையே காப்பாற்றப் போகிறவள் மாதிரி நிற்கிறேன். நாலு பக்கமும் சுற்றிக் கட்டி, ஒரு முனையை மட்டும் கதவு மாதிரி அவிழ்த்துவிட்டோம். அந்த பேனர் முதல்முறையாக ஒரு வேலை செய்தது. எங்கள் முகங்கள் வெளியே நின்று சிரித்தால் போதும் என்று போட்டோ பக்கத்தை வெளியே வைக்கச் சொன்னேன். பையன்கள் பிழைத்தோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்தது. ஆனால் யாரும் போகவில்லை. செட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது அவர்கள் நிலம், அவர்கள் கொட்டாய், அவர்கள் பிள்ளை தோண்டிய குழி. முதலில் யார் போவது என்பதில் இந்த ஊரில் எவ்வளவோ இருக்கிறது. எனக்கே கால் எழவில்லை.

கிருஷ்ணவேணியம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மோட்டார் கொட்டாயைத் திறந்தார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். தானே தூக்கிக்கொண்டு போய் மறைப்புக்குள் வைத்துவிட்டு வந்து, "நான் போயிட்டு வந்துர்றேன் சவுரி, அப்புறம் நீ போ. மத்தவங்க பின்னால வரட்டும்" என்றார். உள்ளே போனார். வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் காலி பக்கெட்டை நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சாவி அதற்குப் பிறகு வேலை நாட்களில் கொட்டாய் ஆணியிலேயே தொங்குகிறது.

அம்மா போய்விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தாள். பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பழக்கத்தில் நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள். நடு வெயிலில், நடு நிலத்தில், என் அம்மா தண்ணீர் குடித்தாள். எத்தனையோ சாயங்காலம் காலி பாட்டிலைப் பார்த்து ஏமாந்தவள் நான். இந்த முறை பாட்டிலைப் பார்க்கவில்லை. அவள் தொண்டையைப் பார்த்தேன். அது ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. கழுத்து வழியாக வழிந்த தண்ணீரை அவள் துடைக்கக்கூட இல்லை. பக்கத்தில் பொன்னி அக்கா, அவளுக்கு அடுத்தவள், அவளுக்கு அடுத்தவள் என்று வரப்பு நீளத்துக்கும் மூடி திறக்கிற சத்தம்.

ஆடியில் திண்டிவனத்துக்குப் போனபோது கிரியாட்டினின் இறங்கியிருக்கவில்லை. ஏறவும் இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றாமலே, "இப்படியே பிடிச்சு நிறுத்துங்க, அது போதும்" என்றார். களைத்துப்போன கிட்னி பழையபடி திரும்பாது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். நிற்கட்டும், எங்களுக்கு அது போதும். பஸ் ஸ்டாண்டில் இந்தத் தடவை அம்மா அஞ்சம்மாள் பெரியம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டணக் கழிப்பறை எங்கே என்று கேட்டாள், சத்தமாகவே.

ஆனால் எனக்குத் தைரியம் வந்தது அந்த ரிசல்ட்டைப் பார்த்து இல்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. வேலை முடிந்து செட்டு வண்டிப்பாதை முனைக்கு வந்தது. வழக்கப்படி எல்லாரும் புங்கங்கன்றின் அருகே நின்றார்கள். அம்மா பாட்டிலைத் திறந்து பாத்தியில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உதறினாள். அப்போதும் விழவில்லை. பொன்னி அக்கா கவிழ்த்தாள். அதுவும் காலி. பதினான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையில் காலி பாட்டிலோடு, சின்னப் பெண்கள் மாதிரி சிரித்தார்கள்.

"ஐயோ, இது காஞ்சிப்பூடுமே" என்றாள் ஒருத்தி.

அம்மா என் பக்கம் திரும்பினாள். மோட்டார் கொட்டாயைக் கையால் காட்டினாள். இப்போது கை நீட்டுவதற்கு ஒரு பக்கம் இருந்தது.

"பக்கெட்டு அங்க கீது. ஜல்தியா போயி இதுக்கு மொண்டாந்து ஊத்து. நட்டது நீதானே? இனிமே இதை நீ பாத்துக்க. என் பங்கு எனக்கு வேணும்டி."